ஆட்டில் இல்லாத உண்ணி

அன்று காலை எங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்கள்: பெரிய டாக்டர், ராமநாதபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய சுகாதார இன்ஸ்பெக்டர், கூடவே அவருடைய டி.டி.டி. பம்பு, காய்ச்சலிலிருந்து எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஆயா சவரியம்மாள், அவள் மகன் அந்தோணி, கம்பவுண்டராகிய நான், எல்லாருக்கும் நடுவில், சிமெண்டுத் தரையின் குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படுத்திருந்த டாக்டரின் நாய் டைகர். வராதவர்கள் இரண்டு பேர். சவரியம்மாளைப் பிழைக்க வைத்த தொண்டி கேப்டன் வரவில்லை. அவரை யாரும் கூப்பிடவில்லை. அவளுக்குக் காய்ச்சலைக் கொடுத்ததாகச் சர்க்காருக்கு எழுதியனுப்பப்பட்ட ஆடும் வரவில்லை. அப்படி ஓர் ஆடு அவளிடம் என்றைக்கும் இருந்ததில்லை.

போன மாதம் ஓய்வுபெற்ற மருந்தாளுநர்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு இளம்பிள்ளை, இப்போதெல்லாம் உண்ணிக் காய்ச்சல் என்றால் அட்டையிலிருந்து மாத்திரையைக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம், உங்கள் காலத்தில் என்ன செய்தீர்கள் ஐயா என்று கேட்டது. ஆடு வாங்கினோம் என்றேன். பிள்ளை சிரித்தது. வயதானவர்கள் பேச்சுக்கு மரியாதைக்காகச் சிரிக்கிற சிரிப்பு. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

என் அய்யா முதுகுளத்தூர்ப் பக்கம் ஆடு மேய்த்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். மதுரையில் கம்பவுண்டர் படிப்பு. மருந்து அளக்கிற அவுன்சும் டிராமும் மனப்பாடம், வேறு சொல்வதற்கொன்றுமில்லை. சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. நாட்டுக்கு உழைக்கப் போகிறோம் என்ற நினைப்பில் கதர்ச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, தொண்டி சாலையில் கடலைப் பார்த்திருந்த அந்த ஆஸ்பத்திரியில் போய் இறங்கினேன். முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை டைகருக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவது.

பெரிய டாக்டர் என்றால் சின்ன டாக்டர் ஒருவர் இருந்தார் என்று நினைக்க வேண்டாம். அவர் ஒருவர்தான். ஆனாலும் பெரிய டாக்டர். காய்ச்சலில் அவருக்கு மூன்று வகை. மிக்ஸ்சருக்கு அடங்குவது ஒன்று. பென்சிலினுக்கு அடங்குவது ஒன்று. மூன்றாவது வகை, நோயாளியின் குற்றம்.

பென்சிலின் ஊசி அங்கே ஒரு பூசை. சிரிஞ்சைக் கழற்றித் துணியில் சுற்றி ஸ்பிரிட் அடுப்பில் கொதிக்க வைப்பேன். இன்றைக்குப்போல ஒருதரம் குத்திவிட்டு எறிகிற ஊசி அல்ல. முனை மழுங்கினால் எண்ணெய் விட்ட கல்லில் வைத்துத் தீட்ட வேண்டும். தீட்டிய முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பேன். பஞ்சு சிக்கினால் முனை வளைந்திருக்கிறது, மறுபடியும் தீட்டு. பென்சிலின் குப்பிகள் ஈரமணலில் புதைத்த பானைக்குள் இருக்கும். ரப்பர் மூடியைத் துடைத்து, வடித்த நீரை உள்ளே செலுத்தி, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்ட வேண்டும். குலுக்கினால் நுரை கட்டும். எல்லாம் தயாரானதும் டாக்டர் வருவார். சிரிஞ்சை வாங்கி வெளிச்சத்தில் உயர்த்திப் பிடிப்பார். ஒரு சொட்டை மேலே பீய்ச்சுவார். வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். குத்துவது நான்.

டைகரை ராஜபாளையம் ஜாதி நாய் என்பார் டாக்டர். நிஜமாகவே ராஜபாளையத்திலிருந்து வந்த நோயாளி ஒருவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. அவருக்கு முதுகுக் கட்டி கீற வேண்டியிருந்தது. அந்த நாயின் காதுமடலிலும் கால்விரல் இடுக்கிலும் ரத்தம் குடித்துப் பருத்த உண்ணிகள் ஆமணக்கு விதைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை எடுப்பதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு முறை ஏற்பட்டிருந்தது. யார் உத்தரவும் இல்லாமல் தானாக ஏற்பட்டது. கட்டில் கிடைக்காதவர், சர்டிபிகேட் வேண்டியவர், வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பவர், யாராக இருந்தாலும் வராந்தாவில் குந்தி டைகருக்கு உண்ணி எடுப்பார்கள். டாக்டர் போகும்போதும் வரும்போதும் பார்ப்பார். மனு எழுதத் தெரியாத ஜனங்களுக்கு அதுதான் மனு.

அந்த மனுவை விடாமல் போட்டுவந்தவள் சவரியம்மாள். பக்கத்து மீனவர் குடியிருப்பு. புருஷன் கடலோடு போய்விட்டான். மாதம் இருபத்திரண்டு ரூபாய்க்குத் தற்காலிக ஆயா. அடுத்த மாதம் பெர்மனென்ட் என்று டாக்டர் சொல்லிச் சொல்லி, அந்த அடுத்த மாதம் வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் உண்ணியைப் பிடுங்கி மணலில் எறிவார்கள். இவளுக்கு அந்த அரைகுறை வேலை பிடிக்காது. இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்குவாள். ரத்தம் தெறிக்கும். முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்ததைத் தேடுவாள். நான் முகத்தைச் சுளித்தால், "பேன் குத்துன கைதான தம்பி? இது பெரிய எடத்துப் பேனு. அம்புட்டுத்தான் வித்தியாசம்" என்பாள்.

ஒருமுறை அய்யா என்னைப் பார்க்க வந்தார். நான் சோப்புக் கையோடு நின்றேன். அவர் டைகரைப் பார்த்தார், என் கதர்ச் சட்டையைப் பார்த்தார். "ஏலே, நம்ம ஆட்டுக்கு உண்ணி எடுக்க ஒரு எழுத்துகூடத் தேவப்படலையே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஊர் போய்ச் சேரும் வரைக்கும் சிரித்திருப்பார்.

அந்தக் கோடையில் சவரியம்மாள் காய்ச்சலில் விழுந்தாள். தலைவலி மண்டையைப் பிளந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், மிக்ஸ்சர் எழுதினார். அடங்கவில்லை. சல்பா மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் இன்னும் ஏறியது. பென்சிலின் பூசை ஆரம்பித்தது. சொட்டு மேலே பீய்ச்சப்பட்டது, வார்டு மூச்சைப் பிடித்தது, காய்ச்சல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குள் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் கிளம்பி, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் பரவிவிட்டன. ஆக, அவள் மூன்றாவது வகை.

மற்ற ஆயாக்கள் அம்மை என்று சொல்லித் தலைமாட்டில் வேப்பிலையைச் செருகினார்கள். டாக்டருக்கு இந்த யோசனை பிடித்துவிட்டது. அம்மை என்றால் பின்னால் இருந்த தனிக்கொட்டகைக்குத் தள்ளிவிடலாம். அந்தக் கொட்டகைக்குப் போகிறவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோகக்கூட ஆள் கிடைக்காது. மறுநாள் காலையில் மாற்றச் சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். அந்தோணி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே தொண்டி பஸ்ஸில் ஏறினான்.

தொண்டியில் கேப்டன் மீரான் என்று ஒரு டாக்டர் இருந்தார். கடல் வியாபாரக் குடும்பம். இவர் மட்டும் டாக்டருக்குப் படித்து, யுத்தத்தில் பர்மா வரைக்கும் போய்த் திரும்பியவர். பட்டாளத்தை விட்டாலும் பூட்சை விடவில்லை. கைலிக்குக் கீழே பூட்ஸ் போட்டிருப்பார். எங்கள் டாக்டருக்கு அவரைப் பிடிக்காது. தனியார் டாக்டர், அதிலும் நோயாளியைத் தொட்டுப் பார்க்கிறவர்.

மறுநாள் கொட்டகைக்கு ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் கேப்டன் வந்துவிட்டார். டாக்டரிடம் முறையாக அனுமதி கேட்டார். மறுத்தால் வார்டு முழுக்கப் பார்க்கும் என்பதால் டாக்டர் தலையாட்டினார். கேப்டன் அவள் கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்தார். பாதத்தைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பினார்.

"நகக்கண்ணுல என்ன ஆத்தா, வெத்தலக் கறையா?"

அவள் கண்ணைத் திறக்காமலே, "டைகர் உண்ணிங்க" என்றாள்.

"எங்க டைகருக்கு உண்ணி கிடையாது" என்றார் டாக்டர்.

வாசல்படியில் டைகர் பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

கேப்டன் டாக்டரை ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். நான் மருந்துத் தட்டோடு பக்கத்தில் நின்றதால் எல்லாம் கேட்டது. இது உண்ணியால் வருகிற டைபஸ் காய்ச்சல் என்றார். நோய்க்கிருமி உண்ணிக்குள் இருக்கிறது. கடித்தாலும் வரும், நசுக்கும்போது நகத்தோரத்துக் கீறல் வழியாகவும் உள்ளே போகும். இந்த ஜாதிக் காய்ச்சலைப் பர்மாவில் கூடாரம் கூடாரமாகப் பார்த்திருக்கிறார். அப்போது மருந்தே இல்லை. ஈரத்துணியைச் சுற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் வைத்தியம். பலரை அங்கேயே புதைத்துவிட்டு வந்தார். இப்போது குளோராம்பெனிகால் என்று ஒரு கேப்சூல் வந்திருக்கிறது. மதுரையில் கிடைக்கும். பென்சிலின் இந்தக் காய்ச்சலுக்கு வெறும் தண்ணீர். சல்பா தண்ணீரைவிட மோசம்.

டாக்டருக்கு மருந்தைப் பற்றி ஒரு சந்தேகமும் எழவில்லை. அவர் கவலை வேறு. "என் ஆஸ்பத்திரியில, என் நாயால, என் ஆயாவுக்கு டைபஸ்னு என்னையே எழுதச் சொல்றீங்களா?"

அவர் எழுதாமல் வார்டில் அந்த மருந்தைக் கொடுக்க முடியாது. அவளைத் தூக்கிக்கொண்டு தொண்டி போவதென்றால் பஸ் குலுக்கலைத் தாங்குகிற நிலையில் அவள் இல்லை. கேப்டன் குனிந்து தன் பூட்சைப் பார்த்தார்.

"நாயின்னு யாரு சொன்னா? உண்ணின்னுதான சொன்னேன். ஆட்டுலயும்தான் உண்ணி இருக்கு" என்றார்.

டாக்டரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. திரும்பி நடந்து வந்து கட்டிலருகே குனிந்தார். அவர் நோயாளியிடம் குனிந்து பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சவரி, நீ வீட்டுல ஆடு வச்சிருக்கேல்ல?"

"இல்லங்கய்யா. ரெண்டு கோழி."

"ஜுர வேகத்துல பினாத்துறா" என்று சொல்லிவிட்டு டாக்டர் அந்தோணியைப் பார்த்தார்.

அந்தோணி அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்தான். கடலில் இடி இறங்கினாலும் பொய் சொல்லாத பையன் என்று பங்குச் சாமியாரே சொல்வார். "இருக்குங்கய்யா, ஒரு ஆடு" என்றான்.

"என்ன நிறம்?"

"கறுப்பு."

டாக்டர் கேஸ் ஷீட்டை வாங்கி, பல நாளாகக் காணாத வேகத்தில் எழுதினார். நோயின் பெயரைவிட ஆட்டின் அங்க அடையாளம்தான் நீளமாக இருந்தது.

எங்கள் ஸ்டோரில் அந்த மருந்து கிடையாது. அந்தோணி வலையில் தனக்கிருந்த பங்கை விற்றுவிட்டு ஐம்பது ரூபாயை என் கையில் வைத்தான். மதுரையில் மருந்துக்கடைக்காரர் கண்ணாடி அலமாரிப் பூட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு குப்பி இருபத்திரண்டு ரூபாய், அவளுடைய ஒரு மாதச் சம்பளம். கேப்டன் இரண்டு குப்பி எழுதியிருந்தார். மடியில் கட்டிக்கொண்டு, ரயிலில் தூங்காமல் வந்து சேர்ந்தேன்.

மருந்து வந்துவிட்டது, விழுங்கத்தான் ஆளில்லை. ஊசி போடுகிறவரைக்கும்தான் நம்பிக்கை. மாத்திரையைக் கையில் கொடுத்தால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். இது எங்கள் வார்டில் எல்லாருக்கும் தெரிந்த சாத்திரம். பக்கத்துக் கட்டில்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சவரியம்மாள் கேப்சூலைப் பார்த்துவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அது மாத்திரை மாதிரியும் இல்லை, பல்லிமுட்டை மாதிரி வழவழவென்றிருந்தது. அந்தோணி கெஞ்சினான். கடைசியில் ஒன்றைப் பிரித்து அந்தப் பொடியைக் கஞ்சித் தண்ணீரில் கலக்கி வாயில் ஊற்றினோம். கசப்பில் அவள் முகம் கோணி, மண்டை வரைக்கும் அதிர்ந்தது. பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "இம்புட்டுக் கசந்தா மருந்துதாண்டா" என்றாள். அடுத்த வேளையிலிருந்து கேப்சூலை முழுசாக விழுங்கினாள்.

டாக்டர், நம்ம மருந்தும் ஓரமா ஓடட்டும் என்று பென்சிலினை நிறுத்தவிடவில்லை. நான் வழக்கம்போல ஊசியைத் தீட்டினேன், குப்பியை உருட்டினேன், அவர் சொட்டைப் பீய்ச்சினார். மூன்றாம் நாள் காலையில் சவரியம்மாளின் நெற்றி வேர்த்து, உடம்பு குளிர்ந்திருந்தது. மீன் ரசம் கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்து, "பார்த்தியாப்பா, பென்சிலின் நிதானமாத்தான் பிடிக்கும்" என்றார். நான் ஆமாம் சார் என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த ஊசியைத் தீட்டியவன் நான்தானே.

கேப்டன் மறுபடி ஒருதரம் வந்தார். உண்ணியைக் கையால் தொடாதே, நசுக்காதே, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து மண்ணெண்ணெய்க் குப்பியில் போடு என்று சவரியம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதலில் அந்த நாய்க்கு மருந்து போடுங்கள் என்று டாக்டரிடமும் சொன்னார். டாக்டர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கேப்டனுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் வேலையில்லாமல் போனது.

டைபஸ் என்று எழுதினால் மேலே தகவல் கொடுக்க வேண்டும். கொடுத்தார். மேலிடத்தில் யாராவது படிப்பார்கள் என்று டாக்டர் எதிர்பார்க்கவில்லை. படித்துவிட்டார்கள். ஆட்டையும் அது கட்டியிருக்கும் இடத்தையும் பார்வையிட்டு மருந்தடிக்க இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று பதில் வந்தது. டாக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவும் அன்றைக்குத்தான் முதல் தடவை.

"உங்க அப்பா ஆடு வச்சிருக்கார் இல்ல?"

என் குலத்தொழில் அன்றைக்குச் சர்க்கார் காரியமாயிற்று. பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். கறுப்பு ஆடு வேண்டும், உடம்பில் உண்ணி இருக்க வேண்டும் என்று சொன்னேன். அய்யா தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"கறுப்புன்னா நேர்த்திக்கடனா? எந்தச் சாமிக்கிலே?"

"டைகர் சாமிக்கு."

"ஓ, நீ சோப்புப் போடுற சாமியா. பெரிய சாமிதான். ஆடு பதினாலு ரூவா. உண்ணி வேணும்னா ரெண்டு ரூவா கூட. சும்மாவா வளருது அது?"

மகன் என்று அவர் ஒரு காசு குறைக்கவில்லை. அந்தோணி கடன் வாங்கிக் கொடுத்த பணத்தைத்தான் கொண்டுபோயிருந்தேன். பதினாறையும் எண்ணி வாங்கிக்கொண்டு, ஆட்டைத் தானே பஸ்ஸில் கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொன்னார்.

அப்படித்தான் அந்தக் காலையில் எல்லாரும் வராந்தாவில் காத்திருந்தோம். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். "எனக்கு ஒரு ஆடு வேணும், அதுல உண்ணி வேணும். ரெண்டும் இருந்தா மத்தியான பஸ்ஸுக்குப் போயிருவேன்" என்றார். உண்மை என்னவென்று அவருக்கு வேண்டியிருக்கவில்லை. பஸ் வந்தது. கூரையிலிருந்து ஆட்டை இறக்கினார்கள். பின்னால் அய்யா வெள்ளை வேட்டியில், மகள் கல்யாணத்துக்கு வந்தவர்போல இறங்கினார்.

இன்ஸ்பெக்டர் ஆட்டின் காதைப் புரட்டினார். வாலைத் தூக்கினார். கால் இடுக்கில் விரலை விட்டுத் தடவினார். பளபளவென்றிருந்தது. ஒரு உண்ணி இல்லை. நான் அய்யாவைப் பார்த்தேன்.

"என்னத்தப் பாக்குற? நாலு பேருக்கு முன்னால என் ஆட்டுல உண்ணி காட்டணுமா? நல்லாத் தேச்சுக் குளிப்பாட்டித்தான் கூட்டியாந்தேன்" என்றார்.

டாக்டருக்கு வேர்த்தது. உண்ணி இல்லாத ஆடு என்றால், உண்ணி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் சவரியம்மாளின் வேலையும் சேர்ந்து போகும். பொய் சொன்னது அவள் மகன்தானே. இன்ஸ்பெக்டர் உண்ணிக்கென்று கொண்டுவந்த காலிக்குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

சவரியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "தம்பி, அந்த இடுக்கிய இங்கன குடு" என்றாள். கொடுத்தேன். டைகர் அவளைப் பார்த்ததும் பழகிய தோஷத்தில் தானாகவே புரண்டு காதைக் காட்டியது. கேப்டன் சொல்லிக்கொடுத்தபடியே தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்து, ஆமணக்கு விதை அளவுக்கு ஒன்றை இன்ஸ்பெக்டரின் குப்பியில் போட்டாள்.

"இந்தாங்கய்யா, ஆட்டு உண்ணி."

டாக்டர் கடலைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் டைகரைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், குப்பியை மூடினார்.

"மருந்து எதுக்கு அடிக்கணும்?" என்று கேட்டார்.

"ஆட்டுக்குத்தான். இது ராஜபாளையம்" என்றார் டாக்டர்.

கறுப்பு ஆடு பம்படித்து முடிந்தபோது வெள்ளை ஆடாகியிருந்தது. விற்கக்கூடாது, அறுத்துத் தின்னக்கூடாது, ஆஸ்பத்திரிப் பக்கம் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் மத்தியான பஸ்ஸில் போய்விட்டார். மாவு பூசிய ஆட்டை அய்யா திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். ஆட்டுக்கான பணத்தை யார் கொடுப்பது என்று நான் டாக்டரிடம் மெல்லக் கேட்டேன். அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை. ஆடு சவரியுடையது என்று சர்க்கார் காகிதத்திலேயே இருக்கிறதே என்றார்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம் வரும்: அடுத்த மாதம் நிஜமாகவே வந்தது. சவரியம்மாள் பெர்மனென்ட் ஆனாள். உத்தரவு கைக்கு வந்த அன்றைக்கே டாக்டர் வீட்டம்மா டைகரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். அவள் இடுக்கியும் மண்ணெண்ணெய்க் குப்பியுமாகப் போனாள். அதற்குப் பிறகு அவள் நகத்தில் கறை பார்த்ததில்லை. வராந்தாவில் மனுப் போட வருகிறவர்களுக்கும் அவளே இடுக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். நாய்க்கு மருந்து போட வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை, டாக்டர் மாற்றலாகி நாயோடு போகும்வரை.

உத்தரவு வந்த அன்று மாலை அந்தோணி படியில் உட்கார்ந்து, விரல் மடக்கி எனக்குக் கணக்குச் சொன்னான். வலை போனது போனதுதான், அதைச் சேர்க்கவில்லை. மருந்துக்கு நாற்பத்து நாலு. நான் மதுரை போய்வர ஆறு. கறுப்பு ஆட்டுக்குப் பதினாலு. அந்த ஆட்டில் இல்லாத உண்ணிக்கு இரண்டு. மொத்தம் அறுபத்தாறு ரூபாய்.